மதகடிப் பெட்டி எதிலிருந்து எழும்ப வேண்டும்? யூ-பூட்டில் எஸ்டி, இஎம்எம்சி, எஸ்பிஐ, யூஎஸ்பி ஒப்பீடு

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு குளத்து மதகடியில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டியொன்றை வைக்க வேண்டும். உள்ளே பீகிள்போன் பிளாக் மாதிரி ஒரு சின்ன லினக்ஸ் போட், ஒரு மோடம், 12 வோல்ட் பற்றரி. மேலே சோலார் பனல். வருடத்தில் பெரும்பாலான நாள் அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாரி பிறந்து உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ வான் பாயத் தொடங்கினால்தான் வட்டவிதானை முதல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் வரை எல்லாருக்கும் அந்த எண் வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பாதையில் முழங்காலளவு தண்ணீர் ஓடும். பெட்டியைத் திருத்த யாரும் போக முடியாது.

கரண்ட் வந்ததும் லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடர்தான் யூ-பூட். அது எந்தச் சேமிப்பகத்திலிருந்து எழும்ப வேண்டும், அதற்கு எந்த டிரைவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதை இதை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மேசையில் கிடக்கும் போட்டுக்கு எதைத் தெரிந்தாலும் ஓடும்.

ஆள் அடிக்கடி போகாத இடத்துக்கு நாம் சொல்வது இது: பூட்லோடரும் சிஸ்டமும் பலகையோடு ஒட்டிய ஃபிளாஷான இஎம்எம்சியில் இருக்கட்டும். போட்டில் எஸ்பிஐ ஃபிளாஷ் என்ற சின்னத் தனிச் சிப் இருந்தால் பூட்லோடரை மட்டும் அதற்கு மாற்றுங்கள். எஸ்டி கார்ட் மீட்புக்கு மட்டும். யூஎஸ்பியைப் பூட்லோடருக்குள் சேர்க்கவே வேண்டாம். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குள் வைக்கும் பெட்டிக்கு இந்தத் தீர்ப்பு மாறும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

ரோம் எட்டும் தூரமும் யூ-பூட் எட்டும் தூரமும்

பலர் சறுக்கும் இடம் இது. சிப்புக்குள் எரித்து வைத்த பூட் ரோமுக்கு எட்டும் சாதனங்கள் சில. யூ-பூட் எழும்பிய பிறகு அதற்கு எட்டும் சாதனங்கள் வேறு சில. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவரை யூ-பூட்டில் சேர்த்தால் என்விஎம்இயிலிருந்து லினக்ஸ் கேர்னலை எடுக்கலாம். ஆனால் யூ-பூட்டையே அதில் வைத்தால் பெரும்பாலான சின்ன சிப்களின் ரோமுக்கு அது கண்ணில் படாது.

பீகிள்போன் பிளாக்கில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பின் ரோம், பொத்தான் எதையும் அழுத்தாவிட்டால் இஎம்எம்சி, எஸ்டி, சீரியல், யூஎஸ்பி என்ற வரிசையில் தேடும். எஸ்2 பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் எஸ்பிஐ, எஸ்டி, யூஎஸ்பி, சீரியல் என்று வரிசை மாறும். இந்தப் பொத்தான் நிலையைச் சிப் படிப்பது கரண்ட் வரும் கணத்தில் மட்டும். ரீசெட் பொத்தானோடு சேர்த்து எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கரண்டைக் கழற்றிப் போட வேண்டும்.

இதில் இன்னொரு கரைச்சலும் உண்டு. இஎம்எம்சியில் முதற்கட்ட எம்எல்ஓ கோப்பு நல்லாக இருந்து, அடுத்த கட்ட யூ-பூட் கெட்டுப்போனால், ரோமுக்கு எல்லாம் சரி போலத்தான் தெரியும். அது எம்எல்ஓவை ஓடவிட்டு ஒதுங்கிவிடும். எம்எல்ஓ அடுத்ததைக் காணாமல் நின்றுவிடும். பக்கத்தில் மீட்புக் கார்ட் செருகியிருந்தாலும் அதை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே மீட்புக் கார்ட் என்றால், எஸ்2வை அழுத்தக்கூடிய விதத்தில் பெட்டியின் மூடியும் இருக்க வேண்டும்.

பிளாக் சாதனங்களை யூ-பூட் பார்க்கும் விதம்

யூ-பூட்டைத் தொகுக்கும்போது போடும் தெரிவுகளின் பெயர்களை ஒலிப்பாகவே தந்திருக்கிறோம்; அமைப்புக் கோப்பில் அவற்றுக்கு முன்னால் 'கான்ஃபிக்' ஒட்டிக்கொண்டிருக்கும்.

டிரைவர் மாடல் என்ற யூ-பூட்டின் டிரைவர் அமைப்பில் எல்லாப் பிளாக் சாதனங்களும் பிஎல்கே என்ற ஒரே வகுப்பின் கீழ் வரும். எம்எம்சி, யூஎஸ்பி, ஸ்கஸி, என்விஎம்இ என்று தாய்ச் சாதனம் எதுவானாலும் அதன் பிள்ளையாக ஒரு பிளாக் சாதனம் பிறக்கும். அதற்கு மேலே பார்ட்டிஷன் அட்டவணையும் அதற்கு மேலே கோப்பு முறையும் அடுக்கடுக்காக உட்காரும். எஸ்டிக்கும் இஎம்எம்சிக்கும் ஆகக் குறைந்தது வேண்டியவை: எம்எம்சி, டிஎம்_எம்எம்சி, உங்கள் சிப்புக்கான கன்ட்ரோலர் டிரைவர், சிஎம்டி_எம்எம்சி, சிஎம்டி_பார்ட், டாஸ்_பார்ட்டிஷன் அல்லது ஈஎஃப்ஐ_பார்ட்டிஷன், எஃப்எஸ்_ஃபேட் அல்லது எஃப்எஸ்_எக்ஸ்ட்4, சிஎம்டி_எஃப்எஸ்_ஜெனரிக். இந்த அடுக்கில் ஒன்று விடுபட்டாலும் விளைவு குழப்பமாக இருக்கும். கார்ட் தெரியும், பார்ட்டிஷன் தெரியாது. பார்ட்டிஷன் தெரியும், கோப்பு தெரியாது. அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பாருங்கள்: 'எம்எம்சி லிஸ்ட்', 'எம்எம்சி இன்ஃபோ', 'பார்ட் லிஸ்ட் எம்எம்சி 1', பிறகு 'எல்எஸ் எம்எம்சி 1:1'. எந்தக் கட்டளையில் முதலில் பிழை வருகிறதோ அந்தப் படியில்தான் தெரிவு விடுபட்டிருக்கும்.

எஸ்பிஎல் என்ற முதற்கட்டத்துக்கு (ஏஎம்335எக்ஸில் எம்எல்ஓ கோப்பு இதுதான்) தெரிவுகள் தனி. யூ-பூட்டில் டிஎம்_எம்எம்சி போட்டதால் எஸ்பிஎல்லுக்கும் அது வந்துவிடாது. எஸ்பிஎல்_டிஎம், எஸ்பிஎல்_பிஎல்கே, எஸ்பிஎல்_டிஎம்_எம்எம்சி என்று மறுபடி சேர்க்க வேண்டும். அதெல்லாம் சேர்த்தும் எம்எம்சி சாதனத்தைக் காணவில்லை, பிழை -19 என்று எஸ்பிஎல் நின்றால், போட்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைப் பாருங்கள். எஸ்பிஎல்லுக்காக ட்ரீயைச் சுருக்கும்போது 'பூட்பிஎச்-ஆல்' போன்ற குறி இல்லாத நோடுகள் வெட்டப்பட்டுவிடும். பழைய மூலக்கோப்புகளில் இதே வேலையைச் செய்தது 'யூ-பூட்,டிஎம்-எஸ்பிஎல்' போன்ற குறிகள். எம்எம்சி நோடுக்கு மட்டும் குறி போட்டால் போதாது. அதன் பின்-மக்ஸ், கடிகாரம், ரெகுலேட்டர் நோடுகளுக்கும் போட வேண்டும்.

இடமும் குறைவு. ஏஎம்335எக்ஸில் எஸ்பிஎல் ஓடுவது சிப்புக்குள் இருக்கும் எஸ்ராமில்; கிடைப்பது ஏறக்குறைய 109 கிலோபைட். ஒரு ஆசையில் யூஎஸ்பியையும் எக்ஸ்ட்4ஐயும் எஸ்பிஎல்லுக்குள் திணித்தால், எஸ்ராம் பகுதி இத்தனை பைட் நிரம்பி வழிகிறது என்று லிங்கர் நிறுத்திவிடும். அது நல்லதுதான். நிரம்பி வழிவதைத் தொகுக்கும்போதே அறிவது குளத்தடியில் அறிவதை விட மலிவு.

எஸ்டி கார்ட்: மாற்றுவது சுகம், நம்புவது கஷ்டம்

கார்டின் பலம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரிய பலம்: கழற்றி மாற்றலாம். வட்டையில் நிற்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லியே மாற்றுவிக்கலாம்.

பலவீனங்கள் வரிசையாக நிற்கின்றன. காத்தான்குடி, கல்லடி, நிந்தவூர் என்று கடலோரத்தை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று சாக்கெட்டின் தொடுமுனைகளைப் பதம் பார்க்கும். கார்ட் நல்லாக இருந்தாலும், கார்ட் இருப்பதை உணரும் சுவிட்ச் ஒட்டாமல் போனால் கார்ட் இல்லை என்றே யூ-பூட் சொல்லும். கார்டை என்றைக்கும் கழற்றப்போவதில்லை என்றால் டிவைஸ் ட்ரீயில் 'ப்ரோக்கன்-சிடி' என்று போட்டு அந்தச் சுவிட்சை நம்புவதையே விட்டுவிடுங்கள். நேரே கட்டளை அனுப்பிப் பார்க்கும்.

இரண்டாவது, 1.8 வோல்ட் பொறி. வேகமான யூஎச்எஸ் முறைக்குப் போகும் கார்ட் தன் சிக்னலை 3.3 வோல்ட்டிலிருந்து 1.8க்கு மாற்றிக்கொள்ளும். பிறகு, உறைந்த போட்டை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் அதை ரீசெட் செய்தால், சிப் 3.3இல் புதிதாகத் தொடங்கும். கார்டின் கரண்ட் அறுபடாததால் அது 1.8இலேயே நிற்கும். இரண்டும் பேசிக்கொள்ளாது. யூ-பூட்டில் வோல்டேஜ் தெரிவுக்குக் கார்ட் பதில் சொல்லவில்லை, -110 என்று வரும். கரண்டைக் கழற்றிப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல எழும்பும், அதனால்தான் இந்தப் பழுது மேசையில் பிடிபடுவதில்லை. ரீசெட்டின்போது கார்டின் கரண்டையும் அறுக்கும் ரெகுலேட்டர் போட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிவைஸ் ட்ரீயில் 'நோ-1-8-வி' போட்டு லினக்ஸையும் 3.3இலேயே ஓடவிடுங்கள். நீர்மட்டம் எழுதும் பெட்டிக்கு அந்த வேகம் எதற்கு? பீகிள்போன் பிளாக்கில் எஸ்டி எப்போதும் 3.3தான், இந்தத் தொல்லை அதில் இல்லை.

மூன்றாவது, வாங்கும் கார்ட். கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. எஃப்3 என்ற கருவியால் கார்ட் முழுவதும் எழுதி வாசித்துப் பார்க்காமல் ஒன்றையும் பெட்டிக்குள் போட வேண்டாம்.

இஎம்எம்சி: எழுதும்போது கவனம், பிறகு நிம்மதி

பலகையோடு ஈயத்தில் ஒட்டியிருப்பதால் துருப்பிடிக்கச் சாக்கெட் இல்லை, ஆட்டம் இல்லை. டிவைஸ் ட்ரீயில் 'நான்-ரிமூவபிள்' என்று இருக்க வேண்டும், பஸ் அகலம் 8. கெட்டால் மாற்ற முடியாது என்பதுதான் இதன் விலை. சீரியல் வயரும் மடிக்கணினியும் உள்ள ஒருவர் அவ்விடம் போக வேண்டும்.

இஎம்எம்சிக்குள் பயனர் பகுதியைத் தவிர பூட்0, பூட்1 என்று இரண்டு தனி வன்பொருள் பகுதிகள் இருக்கும். சில சிப்களின் ரோம் பூட்0இலிருந்து எழும்பும். அப்படியான சிப்பில் 'எம்எம்சி பார்ட்கான்ஃப் 1 1 1 0' என்ற கட்டளை, சாதனம் 1இல் ஒப்புகை அனுப்பி, பூட்0இலிருந்து எழும்பி, சாதாரண அணுகலைப் பயனர் பகுதிக்கே விடும். கடைசி எண்ணை 1 என்று விட்டுவிட்டால், அடுத்து நீங்கள் எழுதும் எல்லாமே பூட்0க்குள் போகும்; பார்ட்டிஷன் அட்டவணையைக் காணவில்லையே என்று அரை நாள் தேடுவீர்கள். இன்னொரு எச்சரிக்கை: 'எம்எம்சி ஆர்எஸ்டி-ஃபங்ஷன்', 'எம்எம்சி எச்டபிள்யூபார்ட்டிஷன்' இரண்டும் ஒருமுறைதான் எழுதலாம், திரும்ப எடுக்க முடியாது. கைப்பழக்கத்தில் தட்டும் கட்டளைகள் இல்லை அவை.

பீகிள்போன் பிளாக்கில் பூட்லோடரைப் பயனர் பகுதியில் ராவாக, அதாவது கோப்பு முறை இல்லாமல் நேரே, எழுதுவதே வழக்கம். ஏஎம்335எக்ஸ் ரோம் 0, 128, 256, 384 கிலோபைட் ஆகிய நான்கு இடங்களில் எம்எல்ஓவைத் தேடும். 0இல் பார்ட்டிஷன் அட்டவணை இருப்பதால் எம்எல்ஓவை 128இலும், இன்னொரு பிரதியை 256இலும் வைக்கலாம். தலைப்பு கெட்டால் ரோம் அடுத்த பிரதிக்குப் போகும். நடுவில் கெட்டால் அது கண்டுகொள்ளாது. 384இல், அதாவது 768ஆம் செக்டரில், யூ-பூட்.ஐஎம்ஜி.

இனி ஒரு சின்னக் கணக்கு. பெரும்பாலான கருவிகள் முதல் பார்ட்டிஷனை 1 மெகாபைட்டில் தொடங்கும். 1024 கழித்தல் 384: யூ-பூட்டுக்குக் கிடைப்பது 640 கிலோபைட். ஒரு டிரைவர், இரண்டு டிரைவர் என்று சேர்த்துக்கொண்டே போனால் யூ-பூட் அந்த எல்லையைத் தாண்டும். தாண்டியது தெரியாது, எழுதும் கட்டளை வெற்றி என்றே சொல்லும், முதல் பார்ட்டிஷனின் தலை அழிந்திருக்கும். இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. யூ-பூட்டை எழுதும் பழைய குறிப்புகளில் டிடி கட்டளைக்கு 384 கிலோபைட் துண்டு, எண்ணிக்கை 2 என்று இருக்கும். அது 768 கிலோபைட்டோடு வெட்டிவிடும். யூ-பூட் கோப்பு அதைவிடப் பெரிதென்றால் வால் இல்லாத யூ-பூட்தான் உள்ளே போகும். எண்ணிக்கையை 4 ஆக்குங்கள், முதல் பார்ட்டிஷனை 4 மெகாபைட்டில், 8192ஆம் செக்டரில் தொடங்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தீரும்.

எண்ணிடுவதிலும் கவனம். யூ-பூட்டின் எம்எம்சி 0, எம்எம்சி 1 டிவைஸ் ட்ரீயின் ஏலியஸ்களைப் பின்பற்றும். லினக்ஸ் தன் பக்கத்தில் அதே எண்ணைத்தான் கொடுக்கும் என்று நம்பிச் சாதனப் பெயரைக் கேர்னல் வரியில் எழுதாதீர்கள். 'பார்ட் யூயூஐடி எம்எம்சி 1:2 ஐடி' என்று வாங்கி, ரூட்டைப் பார்ட்யூயூஐடி என்ற பார்ட்டிஷன் அடையாள எண்ணால் சொல்லுங்கள்.

பெட்டியைக் கொல்வது என்விரான்மென்ட்

யூ-பூட் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் என்விரான்மென்ட். இந்த ஒப்பீட்டில் ஆகக் குறைவாகப் பேசப்படுவதும் ஆகக் கூடுதலாகப் பழுதாக்குவதும் இதுதான். ஒரு விடியப்புறத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று நாளாக மழை மூட்டம், பனல் ஒன்றும் தரவில்லை. பற்றரி வற்றிக் கிடக்கிறது. போட் எழும்புகிறது, மோடம் சிக்னல் தேடத் தொடங்கியதும் வோல்டேஜ் சரிகிறது, சார்ஜ் கன்ட்ரோலர் துண்டிக்கிறது. சுமை இல்லாமல் வோல்டேஜ் கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இணைக்கிறது. வெயில் வரும்வரை இதே கதை. ஒவ்வொரு முறையும் யூ-பூட் எதையாவது எழுதினால், கரண்ட் அறுபடப்போகும் கணங்களில்தான் அது எழுதிக்கொண்டிருக்கும்.

எத்தனை முறை எழும்பியது என்ற பூட்கவுண்ட்டை என்விரான்மென்டில் வைக்கும் பூட்கவுண்ட்_என்வ் இதைத்தான் செய்யும்; 'அப்கிரேட்_அவைலபிள்' 1 ஆக இருந்தால் ஒவ்வொரு எழும்பலிலும் சேமிக்கும். மேம்படுத்தல் முடிந்ததும் லினக்ஸ் அதை 0 ஆக்க மறந்தால் அந்த எழுத்து நிற்காது. ஏஎம்335எக்ஸில் அதற்குப் பதிலாக பூட்கவுண்ட்_ஏஎம்33எக்ஸ்எக்ஸ் போடுங்கள். எண்ணிக்கை ஆர்டிசி கடிகாரத்தின் ஸ்க்ராட்ச் ரெஜிஸ்டரில் இருக்கும், ஃபிளாஷில் ஒன்றும் எழுதாது. கரண்ட் முழுதாகப் போனால் எண்ணிக்கை அழியும். பரவாயில்லை, நாம் எண்ண விரும்புவது வாட்ச்டாக் ரீசெட்களைத்தான்.

சேமிக்கும் இடம் மூன்று. ஃபேட்டில் ஒரு கோப்பாக வைத்தால் மடிக்கணினியில் திறந்து பார்க்கலாம், ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் என்விரான்மென்டோடு ஃபேட் அட்டவணையும் போகலாம். அதே பார்ட்டிஷனில் கேர்னலும் இருந்தால் எல்லாம் போச்சு. எக்ஸ்ட்4இல் வேறு சிக்கல்: புதிய கருவிகளால் உருவாக்கிய எக்ஸ்ட்4இல் மெட்டாடேட்டா செக்சம் அம்சம் இருக்கும், யூ-பூட் அதை வாசிக்கும், எழுத மறுக்கும். மூன்றாவது, ராவாக இரட்டைப் பிரதி. இஎம்எம்சியின் பூட்1இல் 128 கிலோபைட் வீதம் இரண்டு பிரதிகள் வைக்கலாம்: என்வ்_இஸ்_இன்_எம்எம்சி, சிஸ்_எம்எம்சி_என்வ்_டெவ் 1, சிஸ்_எம்எம்சி_என்வ்_பார்ட் 2. இரட்டைப் பிரதிக்கான தெரிவையும் போட்டால் யூ-பூட் மாறி மாறி எழுதும். ஒன்று பாதியில் கெட்டால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாத அந்தப் பிரதியை விட்டு மற்றதை எடுக்கும். நாம் இதைத்தான் தெரிவோம்.

லினக்ஸ் பக்கத்தில் எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி இருக்க வேண்டும். ஒரு வரி மட்டும் எழுதினால், இரட்டைப் பிரதிக்கென்று தலைப்பில் கூடும் ஒரு பைட்டை அந்தக் கருவி எதிர்பார்க்காது. சிஆர்சி பிழை என்று சொல்லும், நீங்கள் ஃபிளாஷைச் சந்தேகிப்பீர்கள். பூட்1 லினக்ஸில் வாசிக்க மட்டும் என்று பூட்டியும் இருக்கும். எழுதுமுன் 'ஃபோர்ஸ்_ஆர்ஓ'வை 0 ஆக்கி, எழுதியதும் 1 ஆக்குங்கள்.

எஸ்பிஐ ஃபிளாஷ்

16 மெகாபைட் சிப் ஒன்று தாராளம். யூ-பூட்டுக்கு 1 அல்லது 2 மெகாபைட் போதும். கரண்ட் அறுபட்டாலும் எழுதாத சிப்புக்கு ஒன்றும் ஆகாது. 'எஸ்எஃப் ப்ரொடெக்ட் லாக்' கட்டளையால் பூட்லோடர் பகுதியைப் பூட்டிவைக்கலாம். என்விரான்மென்ட் அந்தப் பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் இது பிளாக் சாதனம் அல்ல. பிஎல்கே வகுப்பில் வராது, 'எல்எஸ்' கட்டளை வேலை செய்யாது. 'எஸ்எஃப் ப்ரோப்', 'எஸ்எஃப் ரீட்' என்று தனிக் கட்டளைகள். சிப்பின் அடையாள எண் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்று வந்தால் வயரிங் அல்லது சிப்-செலக்ட் பிழை. ஒழுங்கான எண் வந்தும் தெரியாது என்றால் எஸ்பிஐ_ஃபிளாஷ்_வின்பாண்ட் போன்ற தயாரிப்பாளர் தெரிவு விடுபட்டிருக்கும். பீகிள்போன் பிளாக்கில் இந்தச் சிப் கிடையாது, பி9 இணைப்பில் வெளியே பூட்ட வேண்டும். எஸ்2 அழுத்தாமல் ரோம் அதைப் பார்க்காது. அந்தப் போட்டுக்கு இது பொருந்தாத் தெரிவு.

யூஎஸ்பி, என்விஎம்இ

யூஎஸ்பி_ஸ்டோரேஜ் சேர்த்தால் 'யூஎஸ்பி ஸ்டார்ட்' ஒவ்வொரு எழும்பலிலும் ஹப்பையும் போர்ட்டையும் தேடிச் சில விநாடி தின்னும், ஸ்டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மெதுவாக விழிக்கும் ஸ்டிக்குக்கு 'யூஎஸ்பி_பிகுட்_டிலே'யைக் கூட்டிப் பார்க்க வேண்டிவரும். கூடவே, போகிறவர் வருகிறவர் எவரும் ஸ்டிக்கைச் செருகித் தன் சிஸ்டத்தை ஏற்றலாம். என்விஎம்இக்கு பிசிஐயும் வேண்டும், கரண்டும் கூட. மதகடியில் அதற்கு வேலையில்லை.

நெல் ஆலைக்குள் என்றால்

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஆலைக்குள் ஈரப்பதமோ எடையோ பதியும் பெட்டிக்கு நிலைமை வேறு. ஆள் எப்போதும் நிற்பார், கரண்ட் லைனில் வரும், மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஆடும். அங்கே எஸ்டியிலிருந்தே எழும்பலாம்: சோதித்த கார்ட் இரண்டு, ஒன்று உள்ளே, மற்றது மேசை லாச்சியில். பூட் பார்ட்டிஷனை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள்; பதிவுகளை வேறு பார்ட்டிஷனில் எழுதுங்கள். தவிட்டுத் தூசு சாக்கெட்டுக்குள் போகாதபடி பெட்டியை மூடினால் போதும். யூஎஸ்பி இங்கேயும் வேண்டாம்.

எதைத் தெரிந்தாலும் குளத்தடிக்குக் கொண்டுபோகுமுன் ஒரு ரிலேயும் டைமரும் எடுத்து, எழும்பத் தொடங்கி அரை விநாடி, 1, 2, 5, 10 விநாடி என்று வெவ்வேறு இடத்தில் கரண்டை அறுங்கள். ஒரு இரவு முழுக்க ஓடட்டும். சீரியல் வெளியீட்டை ஒரு கோப்பில் பிடித்து வையுங்கள். காலையில் அதில் தேட வேண்டியவை: சிஆர்சி எச்சரிக்கை, -110, -19. போட் கையில் இல்லாத மாணவர்கள் யூ-பூட்டின் சாண்ட்பாக்ஸைத் தொகுத்து, 'ஹோஸ்ட் பைண்ட் 0' என்று ஒரு வட்டுப் பிரதிக் கோப்பை இணைத்து, 'எல்எஸ் ஹோஸ்ட் 0:1' என்று பார்ட்டிஷன், கோப்பு முறை அடுக்குகளை மடிக்கணினியிலேயே பழகலாம். 1.8 வோல்ட் பொறியும் துருப்பிடித்த சாக்கெட்டும் மட்டும் அதில் தெரியாது.